உடல் பருமன் அறுவை சிகிச்சை: பயனை மதிப்பிடும் முறை

தேனி மாவட்டத்துக் கம்பம் நகரிலிருந்து மேற்கே மலையேறும் சாலை, கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றைக் கடந்து கம்பம்மெட்டை அடைகிறது. அங்குள்ள சோதனைச் சாவடிக்கு இப்பால் தமிழ்நாடு. அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். சாவடியைத் தாண்டியவுடன் ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி இத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் இறங்குகின்றனர்.

இம்மலைப்பகுதியில் எடை போடுதல் அன்றாடச் செயலாகும். சுமார் 5 கிலோகிராம் பச்சை ஏலக்காய் உலர்ந்தால் 1 கிலோகிராம் தேறும். ஆயினும், உலர்ந்த காயை மதிப்பிடும் வணிகர் தராசோடு நின்றுவிடுவதில்லை. காயின் நிறம், பருமன், ஒரு லிட்டர் அளவுக் காயின் நிறை, எஞ்சியுள்ள ஈரம் ஆகியவற்றையும் பார்க்கிறார். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் ஏலங்களில் விலை இவ்வாறே முடிவாகிறது. எடை குறைந்த காய் நன்கு உலர்ந்த காயாகவும் இருக்கலாம். உள்ளீடற்ற சொத்தைக் காயாகவும் இருக்கலாம். தராசு இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

ஒரு விளைபொருளை மதிப்பிடுவதில் இத்துணை விழிப்புடன் இருக்கும் மக்கள், உடல் பருமனுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை மட்டும் ஒரே ஓர் எண்ணைக் கொண்டு மதிப்பிட்டுவிடுகின்றனர். எத்தனை கிலோ குறைந்தது என்பதே முதல் கேள்வி. பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியுமாகிறது. இக்கேள்விக்கு அப்பால் காணவேண்டியவை எவை என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கேள்வியின் முக்கியத்துவம்

2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும், ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள். கேரளத்தில் இவ்வெண்கள் முறையே 38.1, 36.4 ஆகும். நாடு முழுவதற்குமான எண்கள் 24, 22.9 மட்டுமே. ஆகவே எல்லையின் இருபுறமும் இச்சிக்கல் நாட்டின் சராசரியைவிட மிகுதியாக உள்ளது.

இவர்களுள் மிகச் சிலருக்கே அறுவை சிகிச்சை தேவைப்படும். அது சென்னை, கோயம்புத்தூர், மதுரை, கொச்சி போன்ற நகரங்களில் நடைபெறுகிறது. சில நாட்களில் நோயாளி வீடு திரும்பிவிடுகிறார். அறுவை நடப்பது சில மணி நேரமே. அதன் விளைவுகளோ வாழ்நாள் முழுவதும் நீடிப்பவை. அவ்வாழ்நாள் மருத்துவமனையில் கழிவதன்று. ஊரில், தோட்டத்தில், அடுப்பங்கரையில் கழிவதாகும்.

ஊரார் விரைவில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். எடை நன்கு குறைந்தவரை நோக்கி, "இனி உமக்கென்ன குறை" என்கின்றனர். அவர் அதை நம்பிச் சத்து மாத்திரைகளையும் மருத்துவப் பரிசோதனையையும் நிறுத்திவிடுகிறார். எடை மீண்டும் சற்று ஏறியவரை நோக்கி, "இத்தனை செலவும் வீண்" என்கின்றனர். அவர் நாணமுற்று மருத்துவமனைப் பக்கமே செல்லாதிருக்கிறார். ஒருவர் வென்றதாகவும் மற்றவர் தோற்றதாகவும் எண்ணப்பட்டாலும் இருவருக்கும் நேரும் தீங்கு ஒன்றே. கண்காணிப்பு அறுந்துபோகிறது. தவறான மதிப்பீடு வெறும் கருத்துப்பிழையன்று. அது நோயாளியின் உடல்நலத்திற்கே ஊறு விளைவிப்பதாகும்.

அறுவையின் தன்மை

இன்று பெரிதும் கையாளப்படும் அறுவைகள் இரண்டு. முதலாவதில் இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீக்கப்பட்டு, எஞ்சிய பகுதி ஒரு குழாய்போல் அமைக்கப்படுகிறது. இரண்டாவதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை மட்டும் தனியே பிரிக்கப்பட்டுச் சிறுகுடலுடன் நேரே இணைக்கப்படுகிறது. உணவு பெரும்பகுதி இரைப்பையையும் சிறுகுடலின் முற்பகுதியையும் தொடாமல் மாற்றுவழியே செல்கிறது.

இவ்வறுவைகள் உணவின் அளவைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பசியைத் தூண்டும் சுரப்பு நீர் குறைகிறது. நிறைவுணர்வைத் தரும் குடல் சுரப்பு நீர்கள் மிகுகின்றன. இன்சுலின் சுரக்கும் முறையும் மாறுகிறது. எனவேதான் நீரிழிவு உடையோர் பலருக்கு எடை பெரிதும் குறைவதற்கு முன்னரே இரத்தச் சர்க்கரை தணியக் காணப்படுகிறது. எடைக் குறைவும் நோய்க் குறைவும் தொடர்புடையனவே. எனினும் இரண்டும் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவில் சிறுகுடலின் மிக நீண்ட பகுதியை விலக்கி இணைக்கும் அறுவை நடைமுறைக்கு வந்தது. எடைக் குறைவை மட்டும் நோக்கினால் அது மாபெரும் வெற்றி. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நோயாளிகளிடம் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கற்கள், மூட்டு அழற்சி, ஊட்டக்குறைவு ஆகியன தோன்றின. சிலருக்குக் கல்லீரல் பழுதடைந்து உயிரிழப்பும் நேர்ந்தது. 1980ஆம் ஆண்டு வாக்கில் அவ்வறுவை கைவிடப்பட்டது. 1967இல் அயோவா பல்கலைக்கழக மருத்துவர் எட்வர்டு மேசன், தம் உடன்பணியாளர் இட்டோவுடன் வெளியிட்ட இரைப்பை மாற்றுவழி அறுவையே இன்றைய முறைகளுக்கு முன்னோடியாயிற்று. 1990களில் சிறு துளைகளின் வழியே அறுவை செய்யும் முறை வந்தபின் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது.

விழுக்காடு என்னும் அளவுகோல்

எடைக் குறைவை அளப்பதிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உள்ளன. இவற்றைப் புரிந்துகொள்ள முதலில் உடல் நிறைக் குறியெண்ணை அறிதல் வேண்டும். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது அக்குறியெண். 150 சென்டிமீட்டர் உயரமும் 100 கிலோகிராம் எடையும் உள்ளவரின் குறியெண் 44.4.

நெடுங்காலம் ஆட்சி செலுத்திய அளவுகோல், மிகை எடை இழப்பு விகிதம் என்பதாகும். ஒருவர் இருக்கவேண்டிய எடைக்கு மேற்பட்டது மிகை எடை. அதில் பாதியேனும் குறைந்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி என்ற வழக்கம் 1980களில் நிலைபெற்றது. இருக்கவேண்டிய எடைக்குத் தொடக்கத்தில் ஆதாரமாக இருந்தது, அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் ஆயுள் காப்புறுதி நிறுவனம் தன்னிடம் காப்புறுதி பெற்றோரின் விவரங்களைக் கொண்டு வகுத்த பட்டியல். பின்னர் குறியெண் 25க்கு உரிய எடை ஆதாரமாகக் கொள்ளப்பட்டது.

இம்முறையின் குறை ஓர் எளிய கணக்கால் விளங்கும். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள மூவரை எடுத்துக்கொள்ளலாம். அவ்வுயரத்திற்குக் குறியெண் 25 தரும் எடை 56.25 கிலோகிராம்.

முதலாமவர் 80 கிலோகிராமிலிருந்து 68க்கு வந்தார். குறைந்தது 12 கிலோகிராம். மிகை எடை 23.75 ஆதலால் மிகை எடை இழப்பு 50.5 விழுக்காடு.

இரண்டாமவர் 100 கிலோகிராமிலிருந்து 72க்கு வந்தார். குறைந்தது 28 கிலோகிராம். மிகை எடை 43.75 ஆதலால் இழப்பு 64 விழுக்காடு.

மூன்றாமவர் 140 கிலோகிராமிலிருந்து 100க்கு வந்தார். குறைந்தது 40 கிலோகிராம். மிகை எடை 83.75 ஆதலால் இழப்பு 47.8 விழுக்காடு.

பழைய விதியின்படி 12 கிலோகிராம் குறைந்தவர் வெற்றி பெற்றவர். 40 கிலோகிராம் குறைந்தவர் தோற்றவர். இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. இந்தியர்களிடம் குறைந்த குறியெண்ணிலேயே நீரிழிவும் இதயநோயும் தோன்றுவதால், 23க்கு மேல் மிகை எடை என்றும் 25க்கு மேல் பருமன் என்றும் இந்திய மருத்துவர்கள் கொள்கின்றனர். ஆதார எடையைக் குறியெண் 23க்கு மாற்றினால் அது 51.75 கிலோகிராம் ஆகும். அப்போது முதலாமவரின் இழப்பு 42.5 விழுக்காடாகக் குறைந்து, அவரும் தோற்றவராகிவிடுகிறார். அவர் உடலில் எம்மாற்றமும் நிகழவில்லை. காகிதத்தில் ஓர் எண் மட்டுமே மாறியது.

எனவே இந்நாளில் மொத்த எடை இழப்பு விகிதமே விரும்பப்படுகிறது. அறுவைக்கு முன்பிருந்த எடையில் எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதே இது. இதன்படி முதலாமவர் 15, இரண்டாமவர் 28, மூன்றாமவர் 28.6 விழுக்காடு எடை இழந்துள்ளனர். இரண்டாமவரும் மூன்றாமவரும் ஏறத்தாழ ஒரே பயனை அடைந்துள்ளனர் என்ற உண்மை இப்போது வெளிப்படுகிறது. தொடக்க எடை எவ்வளவாயினும் இவ்விகிதம் மிகவும் திரிவதில்லை. கணக்கிடுவதற்கும் எளிது.

காலத்தின் பங்கு

எந்நாளில் அளப்பது என்பதும் முக்கியமானது. இதற்குச் சிறந்த சான்று சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு. அதில் அறுவை செய்துகொண்டோர் சுமார் 2,000 பேரும், செய்துகொள்ளாத பருமனுடையோர் ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர்.

இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டோரின் எடை முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு குறைந்தது. பத்தாவது ஆண்டில் அது 25 விழுக்காடாக நின்றது. இரைப்பையைச் சுற்றிப் பட்டை இடப்பட்டோருக்கு 20 விழுக்காடாக இருந்த குறைவு 14 ஆயிற்று. அறுவை செய்துகொள்ளாதோரின் எடை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. எடை ஓரளவு திரும்ப ஏறுவது ஒருசிலரின் ஒழுங்கீனத்தால் நேர்வதன்று. அது பெரும்பாலோருக்கும் இயல்பாக நிகழ்வது என்பதே இதனால் பெறப்படும் முடிவு. எடை குறைந்தவுடன் உடல் தன் ஆற்றல் செலவைச் சுருக்கிக்கொள்வதும் பசி மெல்லத் திரும்புவதும் இதற்குக் காரணங்களாகும்.

நீரிழிவிலும் இப்போக்கைக் காணலாம். அவ்வாய்வில் நீரிழிவு இருந்தோருள் இரண்டாம் ஆண்டில் 72 விழுக்காட்டினர் அதிலிருந்து விடுபட்டிருந்தனர். பத்தாம் ஆண்டில் அவ்வாறு இருந்தோர் 36 விழுக்காட்டினர். இதனைச் சரிபாதித் தோல்வி என்று கூறுவோர் உண்டு. ஆயினும் பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்பட்டிருந்ததால் கண்ணும் சிறுநீரகமும் அடைந்த பாதுகாப்பு, நோய் திரும்பியதனால் முற்றும் அழிந்துவிடுவதில்லை. அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு விகிதம் குறைந்திருந்தது என்பதும் 2007இல் வெளியான முடிவுகளில் தெரியவந்தது. 2020இல் வெளியான கணிப்பின்படி அவர்களின் சராசரி ஆயுள், ஒப்பிடப்பட்டோரின் ஆயுளைவிட ஏறத்தாழ 3 ஆண்டுகள் மிகுதி. எடை சற்று ஏறியவர்களும் இச்சராசரியில் அடங்கியவர்களே.

எடைக்கு அப்பாற்பட்ட அளவைகள்

1998இல் ஓரியா, மூர்ஹெட் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். எடை இழப்பு, உடன்நோய்களின் நிலை, வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்றுக்கும் தலா 3 மதிப்பெண்கள் வரை வழங்கப்படும். சிக்கல்கள் ஏற்பட்டாலோ மறு அறுவை தேவைப்பட்டாலோ மதிப்பெண் கழிக்கப்படும். உடன்நோய் உடையவர் 1 அல்லது அதற்குக் குறைவாகப் பெற்றால் தோல்வி. 7க்கு மேல் பெற்றால் மிகச் சிறப்பு. வாழ்க்கைத் தரம் என்னும் பகுதியில் தன்மதிப்பு, உடலியக்கம், பிறரோடு பழகுதல், தொழில், இல்லற வாழ்வு ஆகியவை பற்றி நோயாளியிடமே கேட்கப்படுகிறது. நோயாளியின் சொல்லுக்கும் கணக்கில் இடம் தந்ததே இம்முறையின் சிறப்பு.

இக்கேள்விகளை ஏலத்தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் பொருத்திப் பார்க்கலாம். ஏலக்காய் செடியின் அடிப்பகுதியில் தரையை ஒட்டிக் காய்ப்பது. அதைப் பறிப்பவர் நாள் முழுதும் குனிந்தும் குந்தியும் சரிவுகளில் நகர வேண்டும். முழங்கால் வலியால் தோட்ட வேலையை விட்ட பெண் ஒருவர் அறுவைக்குப் பின் மீண்டும் ஜீப்பில் ஏறி வேலைக்குச் செல்ல முடிகிறதா? இரவில் மூச்சுத் திணறலின்றி உறங்குகிறாரா? இரத்த அழுத்த மாத்திரை குறைந்துள்ளதா? இவற்றுக்கு ஆம் என்ற விடை கிடைக்குமாயின், எடை எதிர்பார்த்ததைவிட 5 கிலோகிராம் கூடுதலாக இருப்பது பெருங்குறையன்று.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. எடை மளமளவெனக் குறைந்திருக்கும். ஆனால் அவர் வாந்தியால் எதையும் உண்ண இயலாமல் தசை மெலிந்து, படியேறும்போது தள்ளாடுவார். தராசு இவரை வெற்றியாளர் என்றே காட்டும்.

இரு தரப்பினர் இரு வேறு அளவுகோல்களைக் கையாண்டால் என்ன நேரும் என்பதற்கு 2017இல் மும்பையில் நடந்த நிகழ்ச்சி சான்றாகும். சுமார் 500 கிலோகிராம் எடையுள்ளவராக மதிப்பிடப்பட்ட எகிப்து நாட்டுப் பெண் ஒருவர் பிப்ரவரி மாதம் விமானத்தில் அங்கே கொண்டுவரப்பட்டார். உணவுக் கட்டுப்பாட்டாலும் இரைப்பை அறுவையாலும் அவர் எடை பாதிக்கும் கீழே வந்ததென மருத்துவர்கள் அறிவித்தனர். அவருடைய சகோதரியோ அக்கூற்றை மறுத்தார்; தம் உடன்பிறந்தவர் எழுந்து நடக்கவோ நன்கு பேசவோ இயலவில்லை என்று முறையிட்டார். அப்பெண்ணுக்கு முன்னரே பக்கவாதம் ஏற்பட்டிருந்தது. மே மாதம் அவர் அபுதாபிக்கு மாற்றப்பட்டார். செப்டம்பரில் அங்கே காலமானார். மருத்துவர்கள் கிலோகிராமில் அளந்தனர். குடும்பத்தினர் நடையிலும் பேச்சிலும் அளந்தனர். எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்பது அறுவைக்கு முன்னரே இரு தரப்பினருக்கும் ஒன்றுபோல் விளங்கியிருத்தல் வேண்டும் என்பதே இதனால் அறியப்படும் பாடம்.

தோல்வி என்னும் சொல்

உடல் பருமன் அறுவை மருத்துவர்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு 2024இல் வெளியிட்ட வரையறைகளில் தோல்வி என்னும் சொல் தவிர்க்கப்பட்டுள்ளது. பருமன் ஒரு நாள்பட்ட நோய். இரத்த அழுத்த நோயாளிக்கு ஒரு மாத்திரை போதாதபோது அவர் தோற்றார் என எவரும் கூறுவதில்லை. மற்றொரு மருந்து சேர்க்கப்படுகிறது. அவ்வாறே இங்கும் கொள்ளவேண்டும் என்பது அவர்களின் கருத்து.

அவ்வரையறையின்படி, மொத்த எடை இழப்பு 20 விழுக்காட்டை எட்டாவிடினும், உடன்நோய் போதிய அளவு தணியாவிடினும், அது தொடக்கப் பயன் குறைவு எனப்படும். முதலில் இழந்த எடையில் 30 விழுக்காட்டிற்கு மேல் திரும்பினாலும், தணிந்த உடன்நோய் மீண்டும் மோசமானாலும், அது பிற்காலச் சரிவு எனப்படும். மேலே கூறிய இரண்டாமவர் 28 கிலோகிராம் இழந்தார். அதில் 30 விழுக்காடு 8.4 கிலோகிராம். எனவே அவர் எடை 72இலிருந்து 78க்கு ஏறினால் அச்சம் கொள்ளவேண்டியதில்லை. உணவையும் உழைப்பையும் விசாரித்தால் போதும். 80.4ஐத் தாண்டினால் அவரை அறுவை மருத்துவரிடம் திரும்ப அனுப்பவேண்டும். உணவு முறையில் திருத்தம், மனநல ஆலோசனை, மருந்து, தேவையாயின் மறு அறுவை எனப் பல வழிகள் உள்ளன. பசியைத் தணிக்கும் ஊசி மருந்துகளும் 2025 முதல் எடைக் குறைப்புக்கென இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ளன. மருத்துவரின் ஆணையின்றி அவற்றைப் பயன்படுத்தலாகாது.

தராசு காட்டாத குறைகள்

அறுவைக்குப் பின் உணவு குறைவதாலும், சத்துக்களை உட்கொள்ளும் குடற்பகுதி விலக்கப்படுவதாலும் இரும்பு, கால்சியம், வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியன குறைய நேரும். வைட்டமின் பி12 கல்லீரலில் சேமிப்பாக இருப்பதால் அதன் குறைவு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். கைகால் மரத்துப்போதல், மறதி, சோகை ஆகியன அதன் அறிகுறிகள். அவ்வேளையில் அறுவை நடந்ததையே குடும்பத்தினர் ஏறத்தாழ மறந்திருப்பர். ஆகவே மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை என்பதை வலியுறுத்த வேண்டும்.

மலைநாட்டுப் பழக்கங்கள் சிலவற்றுக்கும் இங்குத் தொடர்புண்டு. இரும்புச்சத்து மாத்திரையைக் கட்டன் சாயாவோடு விழுங்கினால் அது உடலில் சேர்வது வெகுவாகக் குறையும். இரும்பு மாத்திரைக்கும் கால்சிய மாத்திரைக்கும் இடையே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மரவள்ளிக் கிழங்கும் சோறும் சிறிய இரைப்பையை நிரப்பிவிட்டால் புரதத்திற்கு இடமிராது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. எனவே முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றையும் கிழங்கையும் பின்னர் உண்ணுதல் நன்று. மூட்டு வலிக்கெனக் கடைகளில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகள், மாற்றுவழி அறுவை செய்துகொண்டோருக்கு இரைப்பை இணைப்பில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடும். மது முன்னைக் காட்டிலும் விரைவாக இரத்தத்தில் கலக்கும். அதற்கு அடிமையாகும் அபாயமும் கூடுதலாகும்.

அவசரமானது ஒன்றைத் தனியே கூறவேண்டும். அறுவைக்குப் பின் முதல் சில மாதங்களில் வாந்தி தொடர்ந்தால் தயமின் என்னும் வைட்டமின் பி1 சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். அப்போது நோயாளி மனக்குழப்பமுற்று, பார்வை இரட்டையாகித் தள்ளாடி நடப்பார். மது அருந்தியவர் என்று பிறர் தவறாக எண்ணவும் கூடும். இந்நிலையில் தயமின் தராமல் குளுக்கோஸ் நீரை மட்டும் நரம்பில் ஏற்றினால் மூளைக்கு நிலையான தீங்கு நேரிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ப்போர், நோயாளிக்கு இரைப்பை அறுவை நடந்துள்ளது என்பதை முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் கூறவேண்டும்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் இல்லங்களுக்குப் பணியாளர்கள் செல்கின்றனர். கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் வீடுதோறும் செல்கின்றனர். இவர்கள் அறுவை செய்துகொண்டவரைச் சந்திக்கும்போது பின்வருவனவற்றை நோக்கவேண்டும்.

1. எடையை ஒரே தராசில், காலை வேளையில், காலணியின்றி, ஏறத்தாழ ஒரேவகை உடையில் எடுக்கவேண்டும். அறுவைக்கு முன்பிருந்த எடையும் பின்னர் எட்டிய மிகக்குறைந்த எடையும் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இன்றேல் எந்த விகிதத்தையும் கணக்கிட இயலாது.

2. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒவ்வொரு முறையும் குறிக்கவேண்டும். பழைய அளவிலேயே மருந்து உட்கொண்டு சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவோர் உண்டு. மருந்தை நிறுத்திய பின்னும் மூன்று மாதங்களுக்கு மேலாக மூன்றுமாதச் சராசரிச் சர்க்கரை 6.5 விழுக்காட்டிற்குக் கீழ் நின்றால் மட்டுமே நீரிழிவு தணிந்துள்ளதெனக் கொள்ளலாம். அதன் பின்னரும் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும்.

3. கண் இமையின் உட்புறம், நாக்கு, கால் மரப்பு, முடி உதிர்தல், படியேறும் வலிமை ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும். முதல் சில மாதங்களில் முடி உதிர்வது பொதுவாக நிகழ்வது. பெரும்பாலும் தானே சீராகிவிடும்.

4. முதல் மாதத்தில் காய்ச்சல், நிமிடத்திற்கு 120க்கு மேற்பட்ட நாடித்துடிப்பு, வயிற்றிலோ தோளிலோ கடும் வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், நில்லாத வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும்.

5. குழந்தை பெறும் வயதுள்ள பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறுதலைத் தள்ளிப்போட வேண்டும். மாற்றுவழி அறுவைக்குப் பின் கருத்தடை மாத்திரை மட்டும் நம்பத்தக்கதன்று; வேறு முறை பற்றிக் கேட்டறிய அவர்களை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

கம்பம்மெட்டு போன்ற எல்லை ஊர்களில் மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒருவர் மதுரையில் அறுவை செய்துகொண்டு, இடுக்கி மாவட்டத்தில் வசித்து, மருந்தைக் கம்பத்தில் வாங்கக்கூடும். ஓரிடத்துப் பதிவு மற்றோரிடத்திற்கு வருவதில்லை, மொழியும் மாறுகிறது. எனவே அறுவையின் பெயர், நாள், அறுவைக்கு முந்தைய எடை, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகிய நான்கையும் ஓர் அட்டையில் எழுதி நோயாளியே எப்போதும் தம்முடன் வைத்திருக்கச் செய்தல் நலம். அறுவையின் மருத்துவப் பெயர் ஆங்கில எழுத்திலும் அவ்வட்டையில் இருப்பது இரு மாநில மருத்துவர்க்கும் உதவும்.

பள்ளி ஆசிரியரின் பங்கு

மேலே கண்ட மூவரின் கணக்கு, உயர்நிலைப் பள்ளியில் விழுக்காட்டுப் பாடத்திற்கு ஏற்றது. ஒரே அளவு, அடிப்படை மாறும்போது வெவ்வேறு முடிவைத் தருவதை மாணவர் தாமே கணக்கிட்டு உணர்வர். ஆனால் வகுப்பிலுள்ள எம்மாணவரின் எடையையும் பிறர் அறிய உரத்துப் படித்தலோ எடுத்துக்காட்டாகக் கூறுதலோ கூடாது. பருமனான பிள்ளையைக் கேலி செய்வது அப்பிள்ளையின் எடையைக் குறைப்பதில்லை; விளையாட்டுத் திடலுக்கு வரும் வழியை அடைத்துவிடுகிறது. அறுவை செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளை, வீட்டில் தாய் ஏன் ஐந்தாறு முறை சிறிது சிறிதாக உண்கிறார் என்று கேட்கக்கூடும். இரைப்பை சிறிதாக்கப்பட்டுள்ளது, அதனால் அவ்வாறு உண்பதே அவருக்கு நலம் என்று எளிய சொற்களில் விளக்கினால் அப்பிள்ளையே வீட்டில் நல்ல துணையாகும்.

ஊரார் கேட்கும் எத்தனை கிலோ என்னும் கேள்வியைத் தடுப்பது இயலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. அதனோடு வேறு சில கேள்விகளையும் சேர்த்துக் கேட்கக் கற்பிக்கலாம். மாத்திரை தவறாமல் செல்கிறதா, மலைச்சரிவில் ஏறி இறங்க முடிகிறதா, கடைசியாக இரத்தப் பரிசோதனை செய்தது எப்போது என்று களப்பணியாளர் ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்டு விடைகளைக் குறித்துவரல் வேண்டும். அறுவை நடந்து பத்தாண்டுகள் ஆனவரிடமும் இக்கேள்விகள் தொடரவேண்டும். மதிப்பீடு என்பது ஒருநாள் கூறி முடிக்கும் தீர்ப்பன்று. குறிப்பேட்டில் ஆண்டுதோறும் ஒரு வரியாக எழுதப்பட்டு வரவேண்டியதாகும்.